சூடும் சுமையும்

போர்ஷே 911 கார்களில் காற்றால் குளிரும் எஞ்சினோடு வந்த கடைசி இரண்டு தலைமுறைகளைத் தொழிற்சாலை எண்களால் 964, 993 என்று குறிப்பிடுவார்கள். முன்னது 1988 இறுதியில் வந்து 1994 வரை தயாரானது. பின்னது 1993 செப்டம்பரில் பிராங்பர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி 1998 வரை ஓடியது. இவ்விரண்டையும் பற்றிக் கார்ப் பிரியர்களிடையே ஒரு தீர்ப்பு நிலைத்துவிட்டது. ஏர் கூல்டு தொழில்நுட்பத்தின் உச்சம் 993; 964 என்பது அந்த உச்சிக்குப் போகும் வழியில் நின்றுபோன அரைகுறை. 993 மேலான கார் என்பதில் எனக்குச் சண்டையில்லை. அது எதனால் மேலானது என்பதில்தான் சண்டை. எஞ்சினின் சூட்டை ஆள்வதைப் பொறுத்தவரை பெரிய பாய்ச்சல் 964இலேயே நடந்து முடிந்துவிட்டது. 993 அங்கே கொஞ்சம்தான் கூட்டியது. 993 வென்ற இடம் பின்சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன். அதற்கும் காற்றால் குளிர்வதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அப்படியானால் ‘ஏர் கூல்டின் உச்சம்’ என்று நாம் புகழும்போது உண்மையில் எதைப் புகழ்கிறோம் என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

911க்குப் பிறவியிலேயே இரண்டு சிக்கல்கள். இரண்டும் ஒரே முடிவிலிருந்து வந்தவை. 1963இல் 901 என்ற பெயரில் காட்டப்பட்ட காரில், நடுவில் பூஜ்யம் உள்ள மூவிலக்க எண் தங்களுடையது என்று பெஜோ நிறுவனம் ஆட்சேபித்ததால் பின்னர் 911 ஆன அந்தக் காரில், கிடைமட்டமாக எதிரெதிரே படுத்த ஆறு சிலிண்டர்கள் கொண்ட எஞ்சினைப் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கவிட்டார்கள். அங்கே வைத்தால் ரேடியேட்டர் வேண்டாம், தண்ணீர்க் குழாய் வேண்டாம், பின்னால் இரண்டு சின்ன இருக்கைகளுக்கும் இடம் கிடைக்கும். விலை வேறு இடத்தில் கொடுக்கப்பட்டது. காரின் எடையில் பாதிக்கு வெகு மேலே பின்சக்கரங்கள் மீது விழுந்தது. எதிர்காற்று நேராக வந்து மோதாத பின்மூலையில் எஞ்சின் அடைந்துகிடந்தது. ஆரம்ப காலக் கார்களின் முன்பம்பருக்குள் இரும்புக் கட்டிகளை வைத்து எடையைச் சரிக்கட்டியதும், 1968இல் சக்கர இடைவெளியை 2211 மி.மீட்டரிலிருந்து 2268 மி.மீட்டராக நீட்டியதும் இந்தச் சுமைக்குச் செய்த வைத்தியங்கள். முதல் எஞ்சின் 2 லிட்டர், 130 குதிரைத்திறன். அந்த அளவில் சூடு பெரிய தொல்லையாக இல்லை. எஞ்சின் வளர வளரத்தான் அது தலைதூக்கியது.

முதலில் சூட்டைப் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4,180 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கு வெறும் 1.2 ஜூல் போதும். அதாவது, கன அளவுக்குக் கன அளவு பார்த்தால் தண்ணீர் ஏந்திச் செல்லும் வெப்பத்தைக் காற்று ஏந்த அதைப்போல் ஏறக்குறைய 3,500 மடங்கு காற்று ஓட வேண்டும். அதனால்தான் மோட்டார் சைக்கிள் சிலிண்டரைச் சுற்றி வரிவரியாக ஃபின் தகடுகள் இருக்கின்றன. காற்று தொடும் பரப்பைப் பெருக்குவதைத் தவிர வேறு வழியில்லை. 911இல் இதே ஃபின்களோடு எஞ்சின் மேல் ஒரு பெரிய விசிறியும் உண்டு. இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: 911 எஞ்சின் உண்மையில் காற்றால் மட்டும் குளிர்வதில்லை, ஆயிலாலும் குளிர்கிறது என்பார்கள். சரிதான். ஏறத்தாழ 11 லிட்டர் ஆயில் தனித் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குள் சுழன்று, முன்பக்க மட்கார்டுக்குள் இருக்கும் கூலருக்குப் போய் வருகிறது. ஆனால் ஆயிலின் வெப்ப ஏற்புத்திறன் தண்ணீரில் பாதிதான். சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள அலுமினியம்தான் எல்லாவற்றிலும் அதிகம் கொதிக்கிற இடம். தண்ணீர் எஞ்சினில் அந்த இடத்தைச் சுற்றியே நீர்ப்பாதை வார்க்கப்பட்டிருக்கும். ஏர் கூல்டு ஹெட்டில் வெப்பம் உலோகத்தின் வழியாக ஃபின் வரை நடந்து வந்த பிறகுதான் காற்றைச் சந்திக்கிறது.

1980களில் இந்தப் பௌதிகத்தோடு சட்டமும் சேர்ந்துகொண்டது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் மூன்று நச்சு வாயுக்களையும் ஒருசேர மாற்ற வேண்டுமானால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை எஞ்சின் விடாமல் பிடித்திருக்க வேண்டும். பழைய எஞ்சின்கள் சூடு ஏறும்போது கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோலைக் குடித்துக்கொள்ளும். எரியாமல் ஆவியாகும் பெட்ரோல் சிலிண்டரின் உள்ளிருந்தே குளிர்விக்கும். கன்வர்ட்டர் வந்ததும் அந்த வசதி பெருமளவு போயிற்று. 964க்கு முந்தைய 3.2 லிட்டர் காரேரா கன்வர்ட்டர் இல்லாமல் 231 குதிரைத்திறனும், கன்வர்ட்டரோடு 217ம் கொடுத்தது. 964இன் 3.6 லிட்டர் எஞ்சினோ கன்வர்ட்டரோடே 250 கொடுத்தது. இதற்காகச் செய்தவற்றைக் கிட்ட நின்று பார்த்தால்தான் அந்த எஞ்சினின் தரம் தெரியும். பிஸ்டனின் விட்டம் 100 மி.மீ. அவ்வளவு அகன்ற பரப்பின் ஓரத்தில் ஒரே ஸ்பார்க் பிளக் தீ மூட்டினால், சுடர் மறு ஓரத்தை எட்டுவதற்குள் அங்கே அழுத்தத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் கலவை தானாகவே பற்றிக்கொள்ளும். அதுதான் எஞ்சின் ‘நாக்’ ஆவது. ஹெட் எவ்வளவு சூடோ அவ்வளவு சீக்கிரம் அது நடக்கும். 964இல் சிலிண்டருக்கு இரண்டு பிளக்குகளை எதிரெதிரே வைத்தார்கள். சுடர் போகவேண்டிய தூரம் பாதியானது. நாக் ஆவதைக் கேட்டு உணரும் சென்சார்களும் சேர்ந்தன. அதனால் அழுத்த விகிதத்தை 11.3க்கு உயர்த்த முடிந்தது. பன்னிரண்டு பிளக்குகளுக்கும் தீப்பொறியைப் பங்கிட இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர்கள். ஒன்றை மற்றொன்று சுழற்ற நடுவே ஒரு சின்ன ரப்பர் பெல்ட். ஹெட் எவ்வளவு சூடாக இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு, அந்தச் சூட்டிலும் ஒழுங்காக எரிய வைக்கும் உத்தி இது. ஏர் கூல்டு 911இன் கடைசிப் பெரிய யோசனை இதுதான் என்பேன்.

993 இந்த எஞ்சினை எடுத்து என்ன செய்தது? அதே 100 மி.மீ. விட்டம், அதே 76.4 மி.மீ. ஓட்டம், அதே 3,600 சி.சி., அதே இரட்டைப் பிளக், ரப்பர் பெல்ட்கூட அதேதான். பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இளைக்க வைத்தார்கள். கிராங்க் ஷாஃப்டை விறைப்பாக்கினார்கள். வால்வு இடைவெளியை அடிக்கடி சரிசெய்யும் வேலை வேண்டாமென்று ஹைட்ராலிக் டேப்பெட் வைத்தார்கள். எக்ஸாஸ்ட் பாதையைத் திறந்துவிட்டார்கள். 272 குதிரைத்திறன் வந்தது. 1996 மாடலிலிருந்து வேரியோராம் என்ற அமைப்பு வந்தது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது நீளமான குழாய் வழியாகவும், வேகமெடுக்கும்போது குட்டையான குழாய் வழியாகவும் மூச்சுவிட வைக்கும் ஏற்பாடு அது. 285 ஆனது. எல்லாம் நல்ல வேலைதான். ஆனால் இதில் ஒன்றுகூட ஹெட்டின் சூட்டைக் குறைக்கும் வேலை இல்லை. உராய்வையும் மூச்சையும் சீர்செய்த வேலை. லிட்டருக்குக் கணக்கிட்டால் 964இல் 69 குதிரைத்திறன், 993இன் முதல் எஞ்சினில் 76, வேரியோராமோடு 79. அடுத்து 1997இல் வந்த 996இல் தண்ணீரும் சிலிண்டருக்கு நான்கு வால்வுகளும் சேர்ந்ததும், எஞ்சின் 3.4 லிட்டராகச் சுருங்கியும் 300 குதிரைத்திறன் கிடைத்தது. லிட்டருக்கு 88. முதல் முயற்சியிலேயே.

இங்கே விவரம் தெரிந்த வாசகர் குறுக்கிடுவார். 993 டர்போ 408 குதிரைத்திறன் கொடுத்ததே, அதுவும் ஏர் கூல்டுதானே? 1973இல் 917/30 என்ற பந்தயக் கார் 1,100 குதிரைத்திறனைத் தாண்டியதே, அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் உண்டா? இரண்டும் உண்மை. காற்றால் குளிரும் எஞ்சினில் பெரிய சக்தி எடுக்கவே முடியாது என்று நானும் சொல்லவில்லை. எந்த நிபந்தனையின் கீழ் எடுக்கிறோம் என்பதே கேள்வி. 917/30 சட்டத்துக்குட்பட்ட சாலைக் காரல்ல. பெட்ரோலை அள்ளி ஊற்றி உள்ளே குளிர்வித்துக்கொள்ள அதற்குத் தடையில்லை. 993 டர்போ தன் அழுத்த விகிதத்தை 8க்கு இறக்கிக்கொண்டது. டர்போ இல்லாத, கன்வர்ட்டர் மாட்டிய, சாதாரண பெட்ரோலில் ஓடும் எஞ்சினில் இன்னும் மேலே போக நான்கு வால்வு வேண்டும். நான்கு வால்வுகளை ஒரு ஹெட்டில் நெருக்கி வைத்தால் இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு நடுவே மிக ஒடுங்கிய உலோகம்தான் மிஞ்சும். அங்கே ஃபின் எட்டாது. இது போர்ஷேக்கு வெகு காலமாகவே தெரியும். 1978இல் 935/78 பந்தயக் காருக்கும், 1986இல் 959 என்ற காருக்கும் நான்கு வால்வு ஹெட் செய்தபோது, சிலிண்டரைக் காற்றுக்கு விட்டுவிட்டு ஹெட்டை மட்டும் தண்ணீரில் குளிர்வித்தார்கள். விற்பனைக்கு வந்த 911 காரேராவுக்கு அந்த விடை வர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தள்ளிப்போனது. தொழில்நுட்பத் தடையைவிடப் பழக்கமும் பணத் தட்டுப்பாடும்தான் அதற்குக் காரணம் என்று தோன்றுகிறது.

சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். சிலிண்டரைச் சுற்றி நீர் உறை இருந்தால் எரிதலின் ஓசையை அது கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். ஃபின்களோ அதிர்ந்து பாடும்; அந்தப் பாட்டைத்தான் ரசிகர்கள் காதலிக்கிறார்கள். ஐரோப்பாவில் கார் கடந்துபோகும் சத்தத்தின் வரம்பு 1990களின் நடுவில் 77 டெசிபலிலிருந்து 74க்கு இறங்கியது. 964இல் தொடங்கி எஞ்சினுக்கு அடியில் ஒரு மூடுதகடு போட்டார்கள். சத்தம் குறைந்தது, காற்றும் அடியில் வழுக்கிப் போயிற்று. அதே தகடு எஞ்சின் அடியில் சூட்டை அடைத்தும் வைத்தது. அதனால்தான் 964 சொந்தக்காரர்கள் பலர் அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். சத்தத்துக்குச் செய்த மருந்து சூட்டைக் கூட்டுகிறது. சூட்டுக்கு மருந்து செய்தால் புகை கெடுகிறது. 993 இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. முடிச்சை அப்படியே வாங்கிக்கொண்டது.

இனிச் சுமை. பழைய 911இன் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு வளைவில் பின்சக்கரத்தை உற்றுப் பார்த்தால் புரியும். கார் வேகமாக வளைகிறது. வெளிப்பக்கப் பின்சக்கரம்தான் பெரும்பாரத்தைச் சுமந்து காரைப் பாதையில் பிடித்திருக்கிறது. வேகம் அதிகமென்று பயந்து ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். உடனே எடை முன்னோக்கிச் சாய்கிறது. பின்டயர்கள் சாலையை அழுத்துவது குறைகிறது, பிடியும் குறைகிறது. இது எந்தக் காரிலும் நடக்கும். பின்னால் எஞ்சின் தொங்கும் காரில், பிடி தளர்ந்த அந்த நொடியில் பின்பாகத்தின் நிறை முழுதும் வெளியே இழுக்கிறது. இதற்கு மேல் ஒரு துரோகமும் உண்டு. கால் எடுத்ததும் எஞ்சினே பிரேக் போல வேலை செய்ய, தரை சக்கரத்தைப் பின்னோக்கி இழுக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் கை முன்னால் ரப்பர் புஷ்களில் பொருத்தப்பட்டிருக்கிறது. ரப்பர் நெகிழ்கிறது, சக்கரத்தின் முன்விளிம்பு துளி வெளியே திரும்புகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் அந்தத் துளித் திருப்பத்தால், யாரும் ஸ்டீயரிங்கைத் தொடாமலே பின்சக்கரம் காரின் வாலை வெளியே செலுத்துகிறது. கார் தன் வாலை முன்னுக்குக் கொண்டுவரப் பார்க்கிறது.

964 இதற்கு என்ன செய்தது? முறுக்குக் கம்பிகளை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங்குகள், பவர் ஸ்டீயரிங், ஏபிஎஸ், முதலில் வெளியான காரேரா 4இல் நான்கு சக்கர இயக்கம். சக்தியில் 31 விழுக்காட்டை முன்சக்கரங்களுக்கு அனுப்பி வாலின் ஆட்டத்தை அடக்கினார்கள். அதற்கு 100 கிலோ எடை கூடியது. மூக்கு வளைவுக்குள் திரும்பச் சோம்பியது. ஆனால் பின்சக்கரத்தைத் தாங்கிய கை அடிப்படையில் பழைய சாய்கைதான். நோயின் மூலத்தைத் தொடாமல் அறிகுறிகளை நன்றாகவே கட்டுப்படுத்தினார்கள். 993 மூலத்தைத் தொட்டது. ஒரு கைக்குப் பதிலாகப் பல மெல்லிய இணைப்புகள் சக்கரத்தைப் பிடித்தன. அவை அலுமினியத் துணைச்சட்டம் ஒன்றில் பொருத்தப்பட்டு, அந்தச் சட்டம் உடலோடு ரப்பர் வழியாகச் சேர்ந்தது. இணைப்புகளின் கோணங்களை, பின்னோக்கி இழுபடும்போது ரப்பர் நெகிழ்ந்தால் சக்கரம் உள்நோக்கித் திரும்பும்படி அமைத்தார்கள். கால் எடுக்கும்போது கார் தளர்வதற்குப் பதில் ஊன்றிக்கொள்கிறது. 1977இல் 928 என்ற காருக்காக உருவான வைசாக் அச்சின் யோசனைதான் இது. கைவிடப்பட்ட 989 என்ற நான்கு கதவுக் காருக்காக உருவாக்கிய வேலையிலிருந்து 993க்கு வந்து சேர்ந்தது. நொடித்துக்கொண்டிருந்த நிறுவனம் ஒன்று தன் தோற்றுப்போன திட்டத்திலிருந்து தன் மிகச் சிறந்த பாகத்தைப் பொறுக்கிக்கொண்டது வேடிக்கைதான். முப்பது ஆண்டுகளாக ஓட்டுநரின் திறமை மீது போட்டுவந்த பழியை ஒரு துணைச்சட்டமும் சில கம்பிகளும் தீர்த்துவைத்தன. புது வடிவம், சாய்ந்த விளக்குகள், ஆறாவது கியர் எல்லாம் இதற்குப் பிறகுதான். அந்த வடிவமும்கூடக் காற்றைக் கிழிப்பதில் 964ஐ மிஞ்சவில்லை. 964இன் இழுவை எண் 0.32, 993க்கு 0.33. முந்தைய 3.2 காரேராவின் 0.395ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தாவியது யார் என்பது தெரியும்.

964ஐ இப்படித் தூக்கி நிறுத்துகிறீர்களே, அதன் கோளாறுகளை மறந்துவிட்டீர்களா என்று கேட்கலாம். ஆரம்ப ஆண்டு எஞ்சின்களில் ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே கேஸ்கெட் கிடையாது, அங்கே ஆயில் கசிந்தது, பின்னர் திருத்தினார்கள். ஃப்ளைவீலும் தகராறு செய்தது. ஒத்துக்கொள்கிறேன். 85 விழுக்காடு பாகங்கள் புதியவை என்று தயாரிப்பாளரே பெருமைப்பட்ட ஒரு காரில் முதல் ஆண்டுக் கோளாறுகள் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். 993க்கும் தன் பங்கு உண்டு, அது இன்னும் பாடம் சொல்வது. 1996 முதல் அமெரிக்கக் கார்களில் புகை அமைப்பைக் கணினியே கண்காணித்து விளக்கெரிக்கும் விதி வந்தது. குளிர் நிலையில் எக்ஸாஸ்டுக்குள் புதுக் காற்றைச் செலுத்த ஹெட்டுக்குள் நுண்துளைப் பாதைகள் உண்டு. வால்வு கைடு தேய்ந்து ஆயில் இறங்கி, அந்தச் சூட்டில் கரியாகி, பாதைகள் அடைபடுகின்றன, விளக்கு எரிகிறது, எஞ்சினை இறக்கி ஹெட்டைக் கழற்றும் செலவு வருகிறது. ஓடுவதில் குறை இல்லாத எஞ்சின் சட்டத்தின் முன் தோற்கிறது. சூட்டுச் சிக்கலை 993 தீர்த்துவிட்டது என்பவர்கள் இந்த விளக்குக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு மறுப்பு: 996இல் தண்ணீர் வந்தபோது 911இன் ஆன்மாவே போய்விட்டது, எண்களை வைத்து அதை அளக்க முடியாது என்பது. ஓசையும் ஆயில் வாசமும் சேர்ந்த ரசனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ரசனைக்கு வாதம் தேவையில்லை. ஆனால் ஏர் கூல்டு முடிந்ததற்குக் கணக்குப் பார்க்கும் நிர்வாகிகள் மட்டுமே காரணம் என்ற வாதத்தைச் சோதிக்க ஒரு நேரடிச் சான்று இருக்கிறது. ஹான்ஸ் மெட்ஸ்கர் என்ற பொறியாளரின் பெயரால் அறியப்படும் பழைய 911 எஞ்சினின் கிராங்க் உறை 993ஓடு சாகவில்லை. அதன் வழிவந்த உறைமேல், தண்ணீரால் குளிரும் சிலிண்டர்களையும் நான்கு வால்வு ஹெட்டுகளையும் பூட்டி 996 ஜிடி3க்கும் 996 டர்போவுக்கும் கொடுத்தார்கள். உறை பழைய வம்சம். மாறியது வெப்பம் வெளியேறும் வழி. சாலைக் கார்களில் அந்த எஞ்சினின் கடைசி வடிவம், அடுத்த தலைமுறையான 997இல் 2011இல் வந்த ஜிடி3 ஆர்எஸ் 4.0. டர்போ இல்லாமல், 4 லிட்டரில், 500 குதிரைத்திறன்: லிட்டருக்கு 125. 993இன் பின் அச்சோ, திருத்தங்களோடு 996க்கும் போயிற்று.